நான்கெல்லைக்கு வெளியே: சேரி, வேலி, மரம்

வள்ளூரில் எங்க தெருவில் ரெண்டு வீட்டுக்கு நடுவே ஒரு முருங்கை நின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது அது இடுப்பளவில் முறிந்தது. முருங்கை காற்றுக்கு நிற்கிற மரமில்லை. ஆனால் அடியோடு செத்துப்போகிற மரமும் இல்லை. ரெண்டு மாசத்தில் கட்டையில் துளிர் வந்துவிட்டது. துளிரோடு சேர்ந்து சண்டையும் வந்தது.

கிழக்கு வீட்டு அத்தை சொன்னார்: "என் மாமியா வெச்ச மரம்டா. அந்தாண்ட சாஞ்சிக்கினு வளந்தா அவங்களுதாய்டுமா?"

மேற்கு வீட்டு அண்ணன் சொன்னார்: "வேரு எங்க கீதோ அவனுக்குத்தான் மரம். வேலிய வருஷத்துக்கு ஒரு சாண் தள்ளிக்கினே வந்தது யாரு? கேளு அதெ."

என்னைத்தான் கேட்கச் சொன்னார்கள். படித்தவன், கூட்டங்களில் பேசுகிறவன், நாலு இடத்தில் மனு எழுதிக் கொடுத்தவன் என்ற மரியாதை. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குச் சங்க இலக்கியத்தின் ஐந்திணை எல்லை தெரியும். ரெண்டு குடிசைக்கு நடுவில் இருக்கிற மூணு அடி யாருடையது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "பத்திரம் எடுங்க பாக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தை என்னை எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கட்டுரை அதனால் எழுதப்படுகிறது.

அத்தையிடம் ஒரு இலவச மனைப்பட்டா இருந்தது. மூணு சென்ட். சென்ட் ஒன்றுக்கு 435.6 சதுர அடி என்றால், 1,307 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. மாமனார் பேரில் இருந்தது. எந்த மூலையிலும் கல் நட்டதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. அண்ணனிடம் பட்டாவே இல்லை. பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். எல்லாம் பி-மெமோ ரசீது. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, சர்க்கார் நிலத்தில் அத்துமீறிக் குடியிருக்கிறாய் என்று தண்டத் தீர்வை போட்டுக் கொடுக்கிற நோட்டீஸ். அதற்குப் பணம் கட்டிய ரசீதுதான் அவர் அந்த இடத்தில் இத்தனை வருஷம் இருந்ததற்குச் சாட்சி. நீ குற்றவாளி என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த காகிதத்தையே உரிமைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிற மக்கள் நாம். பல சேரிகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய எல்லை ஏதாவது கிடைக்குமா என்று ஊர்ப்பக்கத்து நிலத்தின் கிரயப் பத்திர நகல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் நான்கெல்லை வழக்கமான தோரணையில் எழுதியிருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் இன்னாருடைய பட்டா நிலம், ஒரு பக்கம் வண்டிப்பாதை, நாலாவது பக்கம் "பறைச்சேரி வேலி". அப்புறம் அந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலமும், அதிலுள்ள மாவடை மரவடையும், நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் எல்லாமும் வாங்கியவருக்குச் சேரும் என்று போகிறது. மண்ணுக்கடியில் யாரோ புதைத்த புதையல் வரைக்கும் கணக்கு உண்டு. நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தேன். எல்லையாக இருக்கிறோம். பத்திரத்தில் சேரியின் பேர் வருவது, இன்னொருவன் சொத்து எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு மட்டும்தான். நமக்குள்ளே எது எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கிற அவசியம் எவனுக்கும் வரவில்லை.

இது நேற்று வந்த பழக்கமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் கணக்கு அந்தக் கோயில் கல்லிலேயே இருக்கிறது. ஊருக்கு ஊர் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் இறை செலுத்த வேண்டாத நிலத்தைக் கழிக்கிறார்கள். கழிக்கிற பட்டியலில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பறைச்சேரிக்கு வரியில்லை என்று இதைப் பெருமையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுடுகாட்டுக்கும்தான் வரியில்லை. ஊர்நத்தம் என்று ஒன்று, சேரி என்று வேறொன்று, நடுவில் வாய்க்காலோ வெளியோ. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அளவுகோல் அப்படித்தான் பிடிக்கப்பட்டது.

மரத்துக்கு வருவோம். சோழர் காலத்துப் பிரமதேய, பள்ளிச்சந்தச் செப்பேடுகளில் 'பரிகாரம்' என்று ஒரு சலுகைப் பட்டியல் வரும். ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு ஹாலந்தில் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாடமாளிகை சுட்ட செங்கல்லால் எடுத்துக்கொள்ளலாம், கிணறு தோண்டிக்கொள்ளலாம், தென்னை வைத்துத் தோப்பு பண்ணலாம், தமனகமும் மருவும் நட்டுக்கொள்ளலாம், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. இலக்கிய வகுப்பில் இதைச் சோழர் காலத்து நந்தவனச் செழிப்புக்கு உதாரணமாக நடத்துவார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். மருக்கொழுந்து நடுவதற்குக்கூட ராஜா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், எழுதி வாங்காதவன் கதி என்ன? சுட்ட செங்கல்லும் தோட்டமும் சலுகை என்றால், சலுகை இல்லாதவனுக்கு மண்சுவரும் வெறும் வாசலும்தான் விதி. மரத்தில் ஏறிப் பிழைக்கிற சாதியை மரத்தின் பக்கமே வராதே என்பது அந்த விதியின் மறுபக்கம். மேல்நோக்கி வளர்கிற மரமும் கீழ்நோக்கிப் போகிற கிணறும் உள்பட நிலம் கொடுத்தோம் என்பது அந்தக் கால நிலக்கொடையின் வாய்ப்பாடு. மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை.

சோழனை விட்டுக் கும்பெனிக்கு வந்தால், நம்ம பொன்னேரிப் பக்கமெல்லாம் 1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்ட ஜாகீருக்குள் அடக்கம். பிற்பாடு அதுதான் செங்கல்பட்டு ஜில்லா. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இந்த ஜாகீரில் சுமார் 2000 ஊர்களின் கணக்கை எடுத்தார். நிலம், குளம், தோப்பு, வீடு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, களத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு எல்லாம் எழுதப்பட்டது. கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதியது அதற்கு மூலம். காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்கை எடுத்துவைத்துத்தான், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் ஊர் எப்படிச் செழித்தது பாருங்கள், ஒவ்வொருத்தருக்கும் எப்படிப் பங்கு இருந்தது பாருங்கள் என்றார். விளைச்சல் அதிகம் இருந்திருக்கலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. வெட்டியானுக்கும் தோட்டிக்கும் களத்தில் நெல் அளந்ததும் உண்மை. ஆனால் களத்து மேட்டில் அளந்து போடுகிற பங்கு வேறு, காணி வேறு. களத்துப் பங்கை மிராசுதார் கை நிறுத்தினால் நின்றுவிடும்.

இந்தக் காணிக்குத்தான் வெள்ளைக்காரர் காலத்தில் மிராசு என்று பேர் நிலைத்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீர் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் மிராசுதார்களோடு மல்லுக்கு நின்றார். திருக்குறள் படித்த எல்லிஸ், நாம் எல்லாம் தமிழ் மாணவர்களாகக் கொண்டாடுகிற அதே எப்.டபிள்யூ. எல்லிஸ், மிராசு உரிமை பற்றிப் பதினேழு கேள்விகளுக்குப் பதில் எழுதினார். 1818இல் அது அச்சானது. அவர் கல்வெட்டும் சாசனமும் காட்டி மிராசு பழமையான சொத்துரிமை என்று நிறுவினார். அவர் குறளுக்குச் செய்த நன்மை பெரியது. சேரிக்குச் செய்தது என்ன என்று யாராவது ஒரு பட்டிமன்றம் வைக்கலாம். மிராசு உறுதிப்பட்டது என்றால் நஞ்சை புஞ்சை மட்டுமல்ல, தரிசு, தோப்பு, நத்தம், அதற்குள்ளே பண்ணையாள் குடியிருக்கிற குடிசை மனை, அந்தக் குடிசைக்குப் பின்னால் இருக்கிற புழக்கடை, எல்லாவற்றின் மேலேயும் ஊர்க்காரன் கை நீண்டது.

எங்க ஆயா ஒரு கதை சொல்லும். ஆயாவுக்கு அதனுடைய ஆயா சொன்னதாம். "அந்தக் காலத்துல சேரில மரம் வெக்க மாட்டாங்க. பூசணி போடுவாங்க, அவரை போடுவாங்க, கூரை மேல ஏத்தி உடுவாங்க. மரம் வெச்சா ஊர்லருந்து ஆளு வந்து, இன்னாடா, இங்கியே குந்திக்கலாம்னு பாக்கிறியான்னு கேப்பான்." இதற்கு ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் சட்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். நட்டு வளர்த்த மரம் அனுபவத்துக்குச் சாட்சி. மரத்தின் வயசு அங்கே குடியிருந்தவனின் வயசு. பூசணிக்கொடி ஒரு பருவத்தில் காய்ந்துபோகும், சாட்சி சொல்லாது. எங்க ஆயா சொன்னது ஒரு சமையல் விஷயமாக எனக்குச் சின்ன வயசில் பட்டது. இப்போது அது நிலவுடைமை விஷயமாகப் படுகிறது.

ஊர்க்காரன் மரம் சேரி மேல் சாய்ந்தால்? அதற்கும் சட்டம் இருந்தது. 1816ஆம் வருஷத்து 11ஆவது ரெகுலேஷன் கிராம முன்சீப்புக்குச் சில்லறைத் திருட்டை விசாரிக்கிற அதிகாரம் கொடுத்தது. மேல்சாதிக்காரன் தப்பு செய்தால் சாவடியில் 12 மணிநேரத்துக்கு மிகாமல் அடைத்து வைக்கலாம். கீழ்ச்சாதி என்றால், அவமானப்படுத்துகிற தண்டனை தகாதது அல்ல என்று கருதப்படுகிறவர்கள் என்றால், 6 மணிநேரம் வரை தொழுவில் காலை மாட்டலாம். சாதி பார்த்துத் தண்டனை என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்தான். முன்சீப்பு யார்? ஊரில் நிலம் உள்ளவன். விழுந்த புளியம்பழம் பொறுக்கினால் சில்லறைத் திருட்டு. விழுந்த மாங்காய் எடுத்தால் சில்லறைத் திருட்டு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், 1882இல் ஈஸ்மெண்ட் சட்டம் வந்தது. தமிழில் வசதியுரிமைச் சட்டம் என்பார்கள். முதலில் அது அமலான மாகாணங்களில் சென்னையும் ஒன்று. அண்டை அயல் உரிமைகளை வரிசையாகச் சொல்கிற சட்டம் அது. உன் வீட்டுக்கு வெளிச்சம் வர வேண்டும், காற்று வர வேண்டும், மழைத்தண்ணி வடிய வழி வேண்டும், பக்கத்து நிலத்து வழியாக நடந்து போகிற உரிமை உண்டா இல்லையா, எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் மரக்கிளை நம் இடத்துக்குள் நீண்டால் நம் எல்லை வரைக்கும் வெட்டிக்கொள்ளலாம் என்பதும் நீதிமன்றங்கள் ஏற்ற நியாயம்தான். ரொம்ப நாகரிகமான நியாயம். ஆனால் இதெல்லாம் ரெண்டு பேருமே சொந்தக்காரர்களாக இருந்தால்தான். உடைமை இல்லாதவனுக்கு அண்டை வீட்டுக்காரன் என்ற பதவியே சட்டத்தில் கிடையாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நடந்த வேலித் தகராறுகள் சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் தொழுமரத்துக்கும், பின்னால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்குள்ளே நடந்த தகராறுகளோ எங்கேயும் போகவில்லை. தெருவிலேயே கெட்ட வார்த்தையாக முடிந்தன, சிலது வெட்டுக்குத்தாக.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களைப் பற்றிய அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதைச் சொல்கிறோம், மேடையில் நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் நிலம் இல்லாததை மட்டுமல்ல, குடியிருக்கிற மனையும் பறையனுக்குச் சொந்தமில்லை என்பதையும் அவர் எழுதினார் என்பதை நாம் அழுத்திச் சொல்வதில்லை. குடிசையை விட்டு வெளியே போ என்ற ஒரு மிரட்டல் போதும், கூலி கேட்கிறவனையும் தர்க்காஸ்து மனு போடுகிறவனையும் பாதிரியாரிடம் போகிறவனையும் அடக்கிவிடலாம். தரிசு நிலத்துக்குச் சேரிக்காரன் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை என்று அந்த நிலம் ஊருக்கே போனது. மரம் ஒன்று, மனை ஒன்று, தரிசு ஒன்று. மூணும் ஒரே பூட்டின் மூணு சாவி. அதே 1891இல்தான் செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டியதும் அந்த வருஷம்தான். வெள்ளைக்கார ஆட்சியருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிடவில்லை, கீழேயும் புகை கிளம்பியிருந்தது.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010, 1010ஏ வந்தன. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. நிபந்தனைப் பட்டா, குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் அதே வகுப்பாருக்கே விற்கலாம். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம்மிடம் இருக்கிறது என்பதைச் சேரிக்குச் சேரி நடந்துபோய்க் கேட்டவர்கள் சொல்வார்கள். செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் கேட்டதற்குக் கிடைத்த பதில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

மனைக்கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1920இல் லேபர் கமிஷனர் என்று ஒரு அதிகாரியைப் போட்டு, நிலம் கையகப்படுத்திச் சேரிக்கு மனை கொடுக்கிற வேலை ஆரம்பித்தது. எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிற சட்டம் வந்தது 1961இல். குடியிருந்த மனையையே உரிமையாக்குகிற சட்டம் 1971இல். ஆதிதிராவிடர் நலத்துக்கென்று நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978இல். எண்ணிப் பாருங்கள், அறிக்கை எழுதிய 1891க்கும் மனை சொந்தமான 1971க்கும் நடுவே 80 வருஷம். நாலு தலைமுறை மரம் வைக்காமல் பூசணி போட்டது.

அப்புறம் வந்ததும் எத்தனை? மூணு சென்ட். ஒரு அப்பனுக்கு மூணு பிள்ளை என்றால் தலைக்கு ஒரு சென்ட். ஊர்நத்தம் பெருகும், ஊர்க்காரன் தன் வயலிலேயே ப்ளாட் போட்டு வீடு கட்டுவான். சேரிக்கு நாலு பக்கமும் அடுத்தவன் பட்டா, அதனால் உள்ளுக்குள்ளேயே மடிந்து மடிந்து நெருங்குகிறது. மூணு அடிக்கு அடித்துக்கொள்கிறார்கள், இவர்களுக்கு ஒற்றுமை வராது என்று வெளியே நின்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நம்ம இயக்கத் தோழர்களே சொல்வார்கள். நூறு ஏக்கர்க்காரன் மூணு அடிக்குச் சண்டை போட மாட்டான், ஆமாம். அவன் மூணு ஏக்கருக்குப் போடுவான், ஹைகோர்ட் வக்கீல் வைத்து.

சேரிக்கு வெளியே, எல்லைத் தகராறு என்று பேர் சூட்டி மூடி மறைக்கிற விஷயங்களைப் பார்த்தால் இந்த மூணு அடி எவ்வளவு அப்பாவியானது என்று தெரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு ஊருக்கும் தலித் தெருவுக்கும் நடுவில் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுந்தது. ஒப்பந்தப்படி கட்டினோம், அமைதிக்காகக் கட்டினோம், எங்கள் எல்லையில் கட்டினோம் என்றுதான் பிள்ளைமார் தரப்பு சொன்னது. 2008இல் அந்தச் சுவர் மேல் மின்கம்பி ஓடுவது வெளியே தெரிந்தது. மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை மட்டும் உடைத்துப் பாதை விட்டது. உடனே ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பாதிக்கப்பட்டோம் என்றார்கள். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டு ஒரு தலித் செத்தார்.

சுவர் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே ஒரு அரசமரமும் உண்டு, அதைப் பற்றிப் பத்திரிகைகள் கொஞ்சமாகத்தான் எழுதின. முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலை ஒட்டி நிற்கிற மரம். அந்த மரத்தைத் தலித்துகள் கும்பிடலாமா, திருவிழாவில் அதற்கு மாலை போடலாமா என்பது தலைமுறை தாண்டிய தகராறு. 2011 நவம்பர் 10ஆம் தேதி போலீஸ் காவலோடு தலித்துகள் கோயிலுக்குள் போனார்கள். அதற்கு அப்புறமும் மரத்துக்கு மாலை போடுகிற விஷயம் தீர்ந்துவிடவில்லை. சுவரை ஜேசிபி வைத்து உடைக்க முடிகிறது. மரத்தை என்ன செய்வது? அரசமரம் யாரும் நட்டதில்லை என்பார்கள், காக்கை எச்சத்தில் முளைக்கிறது. அதற்கும் சாதி ஒட்டிக்கொண்டது.

மேட்டுப்பாளையம் நடூரில் எல்லைச்சுவரே ஆளைக் கொன்றது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழை. ஒரு வசதியான வீட்டைச் சுற்றி எழுப்பிய சுமார் 20 அடி உயரச் சுவர் அருந்ததியர் வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். இந்தச் சுவர் ஆபத்து என்று தெருக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். என் இடத்தில் என் சுவர் என்பதுதான் அண்டை வீட்டுச் சட்டத்தின் முதல் வரி. 20 அடி ஏன் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882இலேயே பாதுகாப்பு எழுதியவர்கள், பக்கத்து வீட்டு முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவர் கட்டுகிற ஒரு தேசம் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

எங்க முருங்கைக்குத் திரும்புகிறேன். இதை எழுத உட்கார்ந்தபோது, ஊருக்கும் நமக்கும் என்ற வரலாற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அது எழுதச் சுலபம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் அந்த முருங்கையை வைத்தது அத்தையின் மாமியார் இல்லை.

தெருக்கோடியில், ஓடைப் பக்கமாக, ஒரு இருளர் குடும்பம் இருக்கிறது. இறால் தடவப் போவார்கள், வேலி கட்டப் போவார்கள், கூப்பிட்டால் பாம்பு பிடிக்க வருவார்கள். அந்த வீட்டு ஆயாவிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, "அந்த மொருங்க நான் வெச்சது கண்ணு" என்றார். முன்னே அவர்கள் குடிசை அங்கேதான் இருந்திருக்கிறது, ரெண்டு வீட்டுக்கு நடுவில். காலனிக்கு மனை அளந்தபோது, இவங்க பேரு லிஸ்ட்ல இல்லை என்று தள்ளிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அதிகாரி இல்லை. எங்க தெருக்காரங்கதான். "சண்ட இன்னாத்துக்குன்னு ஓடையாண்ட வந்துட்டோம். மரத்த பேத்துக்கினு வர முடியுமா?"

நான் நைனாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எங்களுக்கே எடம் பத்தல" என்றார்.

1891 அறிக்கையை வரிவரியாகப் படித்தவனுக்கு அந்த ஒரு வரியைக் கேட்க முடியவில்லை. மிராசுதாரனும் அதையேதான் சொல்லியிருப்பான், வேறு வார்த்தையில். இருளருக்கு நாம் மிராசுதார் இல்லை. நமக்கு நஞ்சையும் இல்லை, தொழுமரமும் இல்லை. இதைச் சொல்லாமல் எல்லாம் ஒன்றுதான் என்று சமன் செய்கிற எழுத்தாளர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் வேலியை ஒரு சாண் தள்ளுகிற கை எங்க கையாகவும் இருந்தது. இது எங்கள் தெருவில் நடந்தது. இந்தப் பத்திரிகையில் எழுதாமல் எங்கே எழுதுவது?

சர்க்கார் கணக்கில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, காகிதத்தில். புறம்போக்கில் நிற்கிற பலன் தரும் மரத்தை அனுபவித்துக்கொள்ள 2சி பட்டா என்று ஒன்று கொடுப்பார்கள். நிலம் சர்க்காருடையது, பலன் மட்டும் உனக்கு. புளி, பனை, தென்னைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கிராமக் கணக்கில் அதற்கென்று தனிப் பதிவேடே உண்டு. ரோட்டோரப் புளியமரத்தை வருஷா வருஷம் ஏலம் விடுகிறார்களே, அதில் காசு உள்ளவன் எடுப்பான். 2சி பட்டா காசில்லாதவனுக்கும் எட்டக்கூடியது. அதிலும் ஒரு மரத்தின் மேல் உரிமை கேட்க மனு எழுத வேண்டும், பேர் வேண்டும், முகவரி வேண்டும், சாதிச் சான்று கேட்டால் அது வேண்டும். இருளருக்குச் சாதிச் சான்று வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று அந்த அலுவலகங்களின் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். நிலம் கையகப்படுத்துகிற 1894ஆம் வருஷத்துச் சட்டம்கூட நின்ற மரத்துக்கும் பயிருக்கும் நஷ்டம் கணக்கிடச் சொன்னது. எங்க வட்டாரத்தில் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்தன. வள்ளூரிலேயே 1500 மெகாவாட். நிலம் எடுக்கிற இடத்தில் மரத்தை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவார்கள். எண்ணிய மரத்துக்குப் பட்டாக்காரன் பேர் போடுவார்கள். நட்டவன் பேர் போடுகிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

கடைசியில் நாங்களே அளந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைலான் கயிறும் டேப்பும் வைத்து. அத்தையின் மூணு சென்ட்டை அவர் சுவரிலிருந்து கணக்குப் போட்டோம். பிடித்துப் பார்த்தால் முருங்கைக் கட்டை அவர் மனைக்கு வெளியே ஒன்றரை அடியில் வந்தது. அண்ணன் முகத்தில் சந்தோஷம். அவர் பக்கம் அளந்தோம். பட்டா இல்லாததால் எதிலிருந்து அளப்பது என்றே ஒரு மணிநேரம் சண்டை. பழைய பி-மெமோவில் பரப்பளவு போட்டிருந்தது. அதை வைத்துப் பார்த்தால் அவருக்கும் வெளியேதான் வந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில் யாருக்கும் சேராத ஒரு துண்டு, ஆள் குறுக்கே படுக்கலாம் போல. ஒரு குடிசைக்குப் பத்தாது. ஒரு குடிசை இருந்து போன இடத்தின் மிச்சம்.

"அப்போ அது பாதைக்கு உடுங்க" என்றார் தெருப் பெரியவர். ரெண்டு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை வந்தது.

ஆயாவை நான் கூட்டி வந்திருந்தேன். கொஞ்சம் தள்ளி, எங்க வீட்டுத் திண்ணை ஓரமாகத் தரையில் குந்தியிருந்தார். மேலே உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மரம் யார் வைத்தது என்று நான் கூட்டத்தில் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அத்தை மட்டும், "நீ வெச்ச, நாங்க தண்ணி ஊத்தல?" என்றார். ஆயா தலையாட்டினார், ஆமா ஊத்தினீங்க என்பது போல. பேச்சு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

எல்லோரும் எழுந்தபிறகு ஆயா கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். துளிர் வந்து கை கனத்துக்குப் பெருத்திருந்த ஒரு கிளையைக் காட்டி, "இதுல ஒரு போத்து வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் அரிவாளை எடுத்து வந்து அவரே வெட்டிக் கொடுத்தார், சாய்வாக, ஒரு முழ நீளத்துக்கு. அத்தை வெட்டு வாயில் கொஞ்சம் சாணி அப்பிக் கொடுத்தார்.

ஆயா போத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க கண்ணு நடறது? ஓடையாண்ட உப்பு மண்ணு. அதுவும் சர்க்காரு எடமாம், நோட்டீசு ஒட்டிட்டுப் போயிகிறாங்க."

நோட்டீசைக் கொண்டுவரச் சொன்னேன். பி-மெமோ. பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.